ஒழுகாத கிரான்பெரி பிரீ: கிறிஸ்துமஸ் விருந்துக்கு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் பல வீட்டு விருந்துகளில் மேசை நடுவே இதைப் பார்க்கலாம். பொன்னிறமாகப் பொரிந்த ஒரு வட்டப் பொட்டலம். மேலே இலை வடிவில் வெட்டி ஒட்டிய மாவு, இரண்டு மூன்று சிவப்புப் பழம். கத்தியை இறக்கினால் உள்ளேயிருந்து வெண்மையான சீஸ் கெட்டிப் பாயசம் போல மெதுவாக இறங்கிவரும். கூடவே புளிப்பும் இனிப்புமாகக் கிரான்பெரி. சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்கத்தான் வைப்பார்கள். ஆனால் அதைச் சுற்றி நிற்பவர்கள் லேசில் நகர மாட்டார்கள். பிரீ என்ற பிரெஞ்சு மென்சீஸை மாவில் சுற்றிச் சுடுவதால் பேக்டு பிரீ என்று இதற்குப் பெயர்.

நியூ ஜெர்சிக்கு வந்த இரண்டாவது வருடம் முதல்முறையாகச் செய்தேன். படித்த செய்முறை நான்கே வரி: சீஸை எடு, மேலே ஜாம் தடவு, மாவில் சுற்று, சுடு. இருபதாவது நிமிடத்தில் சீஸ் மொத்தமும் தட்டில் ஓடி, ஓரத்தில் கருகி, கூரையில் இருந்த புகை அலாரம் அலறியது. நான் துண்டை வீசி அதை அடக்கிக்கொண்டிருந்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, அதாவது என் மாமியார், ஓவனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, பூரணம் தண்ணியா இருந்திருக்கும். ஓரமும் சரியா ஒட்டல. சோமாசி எண்ணெயில பிரிஞ்சா இப்படித்தான் ஆகும்."

பிரீ என்ற சொல்லையே அன்றுதான் அவர் கேட்டிருந்தார். ஆனாலும் சொன்னது அத்தனையும் சரி. அவருக்குத் தெரியாமல் போனது ஒன்றே ஒன்று: சோமாசிக்குத் தேவைப்படாத குளிர்ச்சி இதற்குத் தேவை. பூரணம் கெட்டியாக இருக்க வேண்டும், விளிம்பு ஒட்ட வேண்டும், ஓவனுக்குள் போகும் நொடி வரை எல்லாமே சில்லென்று இருக்க வேண்டும். இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் நான்கு வரிச் செய்முறையே போதும். எப்படிப் பிடிப்பது என்பதற்குத்தான் இவ்வளவு நீளம்.

ஏன் ஒழுகுகிறது

200 டிகிரி செல்சியஸ் ஓவனில் பிரீ பத்துப் பதினைந்து நிமிடத்தில் இளகிவிடும். அதைச் சுற்றியிருக்கும் பஃப் பேஸ்ட்ரி வெந்து பொரிய 30 முதல் 35 நிமிடம் ஆகும். தொல்லை முழுவதும் இந்த இடைவெளியில்தான். மேலுறை இன்னும் பச்சை மாவாக இருக்கும்போதே உள்ளே சீஸ் குழம்பாகிவிட்டால், எங்கே ஒரு மெல்லிய இடம் கிடைக்கிறதோ அந்த வழியாக வெளியே வரும். ஆகவே நம் வேலை சீஸைத் தாமதப்படுத்துவது. சீஸை ஃப்ரீசரில் வைத்து எடுப்பதும், சுற்றிய பிறகு மறுபடி குளிர வைப்பதும் அதற்காகத்தான்.

பஃப் பேஸ்ட்ரிக்கும் குளிர்ச்சிதான் உயிர். நம் ஊர் பேக்கரி முட்டை பஃப்ஸை வாயருகே கொண்டுபோனதும் சட்டையெல்லாம் உதிருமே, அந்த மாவுதான் இது. மாவுக்கு நடுவில் வெண்ணெயை வைத்து, மூன்றாக மடித்துத் தேய்த்து, திருப்பி மறுபடி மூன்றாக மடிப்பார்கள். மரபான முறையில் ஆறு முறை. மூன்றை ஆறு முறை பெருக்கினால் 729. அத்தனை வெண்ணெய் அடுக்கு. வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர். ஓவனின் சூட்டில் அது ஆவியாகி ஒவ்வோர் அடுக்கையும் தூக்கிப் பிரிக்கும். வெண்ணெய் முன்கூட்டியே சமையலறைச் சூட்டில் உருகி மாவுக்குள் ஊறிவிட்டால் தூக்குவதற்கு அடுக்கே இருக்காது. பஃப்ஸுக்குப் பதில் தடித்த பிஸ்கட்தான் கிடைக்கும்.

இந்த மாவை வீட்டிலேயே செய்ய வேண்டுமா? வேண்டாம். நான் இரண்டு முறை செய்தேன். அரை நாள் போனது. உறைந்த தாளாகக் கடையில் கிடைப்பதே போதும். பொருள் பட்டியலைப் பார்த்து, வெண்ணெயில் செய்ததாக இருந்தால் அதை எடுங்கள். தாவர எண்ணெயில் செய்ததும் நன்றாகவே எழும்பும், மணம்தான் குறைவு.

என்னென்ன வேண்டும்

ஆறிலிருந்து எட்டுப் பேர் கொறிக்க இந்த அளவு சரியாக இருக்கும்.

பிரீ சீஸ்: 225 கிராம் எடையுள்ள ஒரு முழு வட்டம்
உறைந்த பஃப் பேஸ்ட்ரி: 1 தாள், ஏறத்தாழ 245 கிராம்
கிரான்பெரி: 200 கிராம், புதியதோ உறைந்ததோ
சர்க்கரை: 110 கிராம்
ஆரஞ்சு: 1 (தோல் துருவலும் 60 மி.லி. சாறும்)
பட்டை: விரல் நீளத் துண்டு
உப்பு: ஒரு சிட்டிகை
பீக்கன் அல்லது வால்நட்: பொடியாக நறுக்கி 2 மேசைக்கரண்டி
முட்டை 1, பால் 1 தேக்கரண்டி
தேய்க்கும்போது தூவ மைதா கொஞ்சம்

கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பூரிக்கட்டை, பிரஷ், பட்டர் பேப்பர், கனமான ஒரு பேக்கிங் தட்டு.

பிரீயைத் தேர்ந்தெடுப்பது

பாரிஸுக்குக் கிழக்கே இருக்கும் ஒரு வட்டாரத்தின் பெயர்தான் பிரீ. பசும்பாலில் செய்து, மேலே வெள்ளைப் பூஞ்சை படர விட்டுச் சில வாரங்கள் பழுக்க வைப்பார்கள். அந்த ஊரின் 'பிரீ தெ மோ'வுக்கு 1980 முதல் பிரான்சில் சட்டப் பாதுகாப்பு உண்டு. காய்ச்சாத பாலில்தான் செய்ய வேண்டும். காய்ச்சாத பால் சீஸ் என்றால் குறைந்தது 60 நாள் முதிர்ந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதற்குள் பிரீ பெரும்பாலும் அளவுக்கு மீறி முதிர்ந்துவிடும். அதனால் இங்கே கடையில் இருக்கும் பிரீ எல்லாமே காய்ச்சிய பாலில் செய்தவை. வருத்தப்பட ஒன்றும் இல்லை. நல்ல பிரீ தெ மோவை ஓவனில் வைத்துச் சர்க்கரைப் பழத்தோடு கொடுத்தால் பிரெஞ்சுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சாதாரண பிரீதான் இதற்குச் சரி.

உறையில் டபுள் கிரீம், டிரிபிள் கிரீம் என்று இரண்டு வகை பார்ப்பீர்கள். தண்ணீரை நீக்கிவிட்டு மிஞ்சும் திடப்பொருளில் முதலாவதில் சுமார் 60 சதவீதம் கொழுப்பு, இரண்டாவதில் 75 சதவீதம். டிரிபிள் கிரீம் பச்சையாகத் தின்னப் பிரமாதம். ஓவனில் அது ஓட்டப்பந்தய வீரன். டபுள் கிரீமே வாங்குங்கள். முழு வட்டமாக வாங்குவது முக்கியம். பெரிய வட்டத்திலிருந்து வெட்டிய முக்கோணத் துண்டுக்கு இரண்டு பக்கம் தோல் இருக்காது, அந்த வழியே எல்லாம் போய்விடும். விலை குறைவு என்று ஒருமுறை நான் வாங்கி ஏமாந்தது அதுதான்.

நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் விறைப்பாக, இன்னும் முழுதாகப் பழுக்காமல் இருப்பதே சுடுவதற்கு நல்லது. அம்மோனியா நெடி அடித்தால் முதிர்ந்துவிட்டது, விட்டுவிடுங்கள்.

அந்த வெள்ளைத் தோலைச் சீவலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கூடாது. தின்னக்கூடிய தோல்தான் அது. மேலும் உருகிய சீஸைப் பை போலப் பிடித்து வைத்திருப்பதும் அதுவே. மேல்தோலை மட்டும் வட்டமாகச் சீவிவிட்டுப் பழத்தை வைக்கச் சொல்லும் செய்முறைகள் உண்டு. சீஸும் பழமும் கலந்து வரும் என்பது அவர்கள் கணக்கு. கலந்து வெளியே வரும் என்பது என் அனுபவம்.

கிரான்பெரிப் பூரணம்

முந்தின நாளே செய்துவிடுங்கள். இதை முழுதாக ஆற வைக்காமல் எதுவும் நடக்காது.

கிரான்பெரி வட அமெரிக்காவின் சொந்தப் பழம். அமெரிக்க விளைச்சலில் பாதிக்கு மேல் விஸ்கான்சின் மாநிலம். மாசசூசெட்ஸும் நியூ ஜெர்சியும் பழைய கிரான்பெரிச் சீமைகள். எங்கள் மாநிலத்தின் தெற்கே பைன் பேரன்ஸ் என்ற மணற்காட்டுப் பகுதியில் அக்டோபரில் போனால், வயல் முழுக்கத் தண்ணீர் கட்டி, மேலே சிவப்புக் கம்பளம் விரித்தது போலப் பழம் மிதக்கும். ஒவ்வொரு பழத்துக்குள்ளும் நான்கு சிறு காற்றறைகள். மிதப்பதற்குக் காரணம் அவைதான். நல்ல பழம் கீழே போட்டால் பந்து போல எகிறும், அழுகியது எகிறாது. 19ஆம் நூற்றாண்டில் நியூ ஜெர்சியில் ஒரு காலுக்குப் பதில் மரத்தாலான கால் வைத்திருந்த ஜான் வெப் என்பவர் மாடியிலிருந்து பழத்தைச் சுமந்து இறங்க முடியாமல் படியில் கொட்டிவிட, நல்லது மட்டும் எகிறி எகிறிக் கீழே வந்து சேர்ந்ததாம். பழத்தை எகிற வைத்துத் தரம் பிரிக்கும் வழி அப்படித்தான் பிறந்தது என்று இங்கே சொல்வார்கள். வாங்கிவந்த பையைப் பிரித்ததும் நான்கைந்தை மேடை மேல் போட்டுப் பாருங்கள், குழந்தைகளுக்கும் பொழுது போகும்.

அடிகனமான பாத்திரத்தில் கிரான்பெரி, சர்க்கரை, ஆரஞ்சுச் சாறு, பட்டை, உப்பு எல்லாவற்றையும் போட்டு மிதமான தீயில் வையுங்கள். தனியாகத் தண்ணீர் வேண்டாம். நான்கைந்து நிமிடத்தில் கடுகு பொரிவது போலப் பழம் படபடவென்று வெடிக்கத் தொடங்கும். தெறிக்கும், முகத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். முக்கால்வாசிப் பழம் வெடித்ததும் கரண்டியால் லேசாக மசித்து, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இன்னும் ஐந்தாறு நிமிடம் கொதிக்க விடுங்கள். இந்தப் பழத்தில் பெக்டினும் (ஜாமை இறுக வைக்கும் பொருள்) புளிப்பும் தாராளமாக இருப்பதால் சோளமாவு எதுவும் கேட்காமல் தானாகவே இறுகும்.

பதம் பார்க்க ஒரு தட்டை ஃப்ரீசரில் வைத்து எடுத்து, அதில் ஒரு துளி விட்டு நடுவே விரலால் கோடு இழுங்கள். கோடு மூடாமல் அப்படியே நின்றால் இறக்கலாம். சாறு ஓடிவந்து மூடினால் இன்னும் இரண்டு நிமிடம். இந்த இடத்தில் அவசரப்பட்டால் அத்தை சொன்ன தண்ணீர்ப் பூரணம்தான். இறக்கியபின் பட்டையை எடுத்துவிட்டு ஆரஞ்சுத் தோல் துருவலைச் சேருங்கள். கொதிக்கும்போது போட்டால் அதன் மணம் போய்விடும். ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் கரண்டியில் எடுத்தால் ஜாம் போல நிற்க வேண்டும்.

இதில் நமக்குத் தேவை நான்கு மேசைக்கரண்டிதான். மீதியைச் சீஸ் பக்கத்தில் கிண்ணத்தில் வைக்கலாம்.

டின்னில் வரும் கிரான்பெரி ஜெல்லியைப் பயன்படுத்தலாமா? ருசிக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் கண்ணாடி போன்ற ஜெல்லி சூட்டில் திரும்பவும் தண்ணீராக இளகிவிடும். வேறு வழியில்லை என்றால் முழுப் பழம் போட்ட வகையை வாங்கி, அடுப்பில் ஐந்து நிமிடம் சுண்ட வைத்துக்கொள்ளுங்கள்.

பீக்கன் அல்லது வால்நட் பருப்பை வெறும் வாணலியில் மணம் வரும் வரை வறுத்து ஆற விடுங்கள். வறுக்காத வால்நட் ஈரத்தில் ஊறிச் சவசவ என்றாகும். விருந்துக்கு வருபவர்களில் யாருக்காவது பருப்பு ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். மாவுக்குள் ஒளிந்திருப்பது வெளியே தெரியாது.

சுற்றுவது

செய்யும் நாளில் முதல் வேலை, பிரீயைக் காகிதம் பிரித்து 30 நிமிடம் ஃப்ரீசரில் வைப்பது. பஃப் பேஸ்ட்ரியை முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு மாற்றியிருந்தால் நல்லது. மறந்துவிட்டால் வெளியே 40 நிமிடம். பிரித்தால் முறியாமல் வளைய வேண்டும், ஆனால் தொட்டால் சில்லிட வேண்டும். இளகிப் போய்க் கையில் ஒட்டினால் வாதாடாதீர்கள், பத்து நிமிடம் மறுபடி ஃபிரிட்ஜில்.

மேடையில் மைதா தூவி, தாளை 28 செ.மீ. சதுரமாகத் தேயுங்கள். சப்பாத்தி போல அழுத்தக் கூடாது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நாலு இழுப்பு, அவ்வளவுதான். பிறகு 26 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு தட்டைக் கவிழ்த்து, கூர்மையான கத்தியால் வட்டமாக வெட்டுங்கள். கணக்கு இதுதான்: பிரீ சுமார் 11 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரம். மேற்பரப்பையும் இரண்டு பக்கத்தையும் மூடியபின் அடியில் மடிக்க எல்லாப் பக்கமும் நாலரை செ.மீ. மிஞ்சும். அதற்கு மேல் இருந்தால் அடியில் மடிப்பு மேல் மடிப்பாகக் குவிந்து வேகாமல் கிடக்கும். பலர் முழுச் சதுரத்தையும் அப்படியே மடித்துப் போட்டு அடிமாவைப் பச்சையாகத் தின்பது இதனால்தான். மூலைகளில் வெட்டி விழுந்த மாவை உருட்டிப் பிசையாமல் அப்படியே அடுக்காக ஃபிரிட்ஜில் வையுங்கள், அலங்காரத்துக்கு.

முட்டையைப் பாலோடு அடித்துக்கொள்ளுங்கள். இனி வேகம் வேண்டும்.

வட்ட மாவை பட்டர் பேப்பர் மேல் போட்டு, நடுவில் 11 செ.மீ. அளவுக்குள் அடங்கும்படி முதலில் வறுத்த பருப்பு, அதன்மேல் நான்கு மேசைக்கரண்டி பூரணம். அதன்மேல் ஃப்ரீசரிலிருந்து எடுத்த பிரீயை வையுங்கள். ஆம், பழம் கீழே, சீஸ் மேலே. கடைசியில் கவிழ்க்கப் போகிறோம். மாவின் விளிம்பில் இரண்டு செ.மீ. அகலத்துக்கு முட்டையைத் தடவி, ஒரு பக்கத்தை இழுத்துச் சீஸ் மேல் படிய வையுங்கள். அடுத்த மடிப்பு முந்தியதன் மேல் கொஞ்சம் ஏற வேண்டும். இப்படியே சுற்றிவந்தால் ஏழெட்டு மடிப்பில் மூடிவிடும். மடிப்புக்கு இடையிலும் முட்டை தடவ மறக்காதீர்கள், அதுதான் பசை. எங்காவது மாவு கொத்தாகத் தடித்திருந்தால் கிள்ளி எடுத்துவிட்டு விரலால் அழுத்துங்கள். உள்ளே காற்று நிற்காதபடி பக்கங்களைச் சீஸோடு ஒட்டத் தடவிவிடுங்கள்.

இப்போது இரண்டு கையாலும் தூக்கிக் கவிழுங்கள். ஒட்டுப்போட்ட பக்கம் அடியில் போய்விடும், சீஸின் எடையே அதை அழுத்திப் பிடிக்கும். வழவழப்பான பக்கம் மேலே. அதற்கு அடியில் பழம்.

அலங்காரத்தில் நான் சிக்கனம். எடுத்துவைத்த மாவில் நான்கைந்து இலை வெட்டி, கத்தி முதுகால் நரம்பு கீறி, நடுவில் கூட்டாக ஒட்டுவேன். நட்சத்திர அச்சு இருந்தால் குழந்தைகளிடம் கொடுத்துவிடலாம். சிலர் பின்னல் போடுவார்கள், மான் வெட்டுவார்கள். போன வருடம் ஒரு வீட்டில் பார்த்த மான், வெந்து உப்பியபின் பன்றியாகியிருந்தது. இந்த மாவு பல மடங்கு எழும்பும் என்பதை நினைவில் வைத்து வெட்டுங்கள்.

மேலே முழுக்க மெல்லியதாக முட்டை தடவுங்கள். இலைகளின் வெட்டு விளிம்பில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; பட்டால் அடுக்குகள் ஒட்டிக்கொண்டு எழும்பாது. உச்சியில் பல்குத்தும் குச்சியால் ஒரே ஒரு துளை. பழத்தின் ஆவி போக வழி வேண்டும், இல்லாவிட்டால் மேல்மாவு பூரி போல உப்பித் தனியாக நிற்கும்.

அப்படியே ஃபிரிட்ஜில் 30 நிமிடம், அவசரம் என்றால் ஃப்ரீசரில் 15 நிமிடம். இதைத் தவிர்க்க உங்களுக்கு ஆயிரம் காரணம் தோன்றும். தவிர்க்காதீர்கள். முந்தின நாளே இதுவரை செய்து, மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் விருந்து நாளில் ஓவனில் தள்ளுவதுதான் மிச்சம். அப்படிச் செய்தால் முட்டையை மட்டும் ஓவனில் வைக்கும் முன் இன்னொரு தரம் தடவுங்கள்.

சுடுவது

ஓவனை 200 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 400 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, முன்கூட்டியே சூடாக்குங்கள். தயார் என்று விளக்கு சொன்னதும் நம்பாமல் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். கனமான தட்டையும் வெறுமையாக உள்ளேயே வைத்துச் சூடேற்றுங்கள். சுடுகிற தட்டின் மேல் பட்டர் பேப்பரோடு பொட்டலத்தை நகர்த்தி வைத்தால், தோசைக்கல்லில் மாவு விழுந்தது போல அடிப்பக்கம் உடனே இறுகத் தொடங்கும். ஒட்டுப்போட்ட பக்கம் அங்கேதானே இருக்கிறது. தட்டு நடுவுக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும்.

30 முதல் 35 நிமிடம். முதல் 20 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். நிறத்தில் பயப்படவும் வேண்டாம். இளமஞ்சளில் எடுத்தால் உள்ளடுக்கு பச்சையாக இருக்கும். தேன் நிறத்தைத் தாண்டி, பேக்கரி பஃப்ஸின் ஓரம் போலப் பழுப்பேற வேண்டும். இலைகள் மட்டும் முன்னால் கருகினால் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்துங்கள்.

இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் அடியில் ஒரு கோடு சீஸ் கசிந்தால் கவலை இல்லை. மேலுறை அதற்குள் இறுகிவிட்டிருக்கும், மொத்தமும் போகாது. கசிந்தது தட்டில் முறுகி அப்பளமாகும். சமைப்பவர் நின்றபடியே தின்ன வேண்டியது அது.

எடுத்ததும் வெட்டாதீர்கள். 15 நிமிடம் ஆற விடுங்கள். கொதிக்கக் கொதிக்க வெட்டினால் உள்ளிருப்பது ரசம் போல ஓடிவிடும். பதினைந்து நிமிடத்தில் அது குழைந்த பதத்துக்கு வரும். ரொம்பவும் விட்டுவிடவும் கூடாது. முக்கால் மணி நேரம் போனால் மறுபடி கெட்டியாகிவிடும். ஆகவே விருந்தினர் கோட்டைக் கழற்றும்போது ஓவனிலிருந்து எடுத்தால் கணக்குச் சரியாக இருக்கும்.

சுற்றிலும் உப்பு பிஸ்கட், மெலிதாக வெட்டி வாட்டிய பிரெஞ்சு ரொட்டி, ஆப்பிள், பேரிக்காய்த் துண்டுகள். கூட வைக்கிற எதுவும் இனிப்பாக இருக்கக் கூடாது, உள்ளேயே வேண்டிய அளவு இருக்கிறது. முதல் வெட்டை நீங்களே வெட்டிக் காட்டுங்கள். அழகாக இருக்கிறதே என்று யாரும் கைவைக்காமல் ஆறிப்போகும் விபத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருவாய் அளவில்

நின்றுகொண்டு பேசும் விருந்துக்குச் சின்னதாகச் செய்வதே வசதி. இதில் ஒழுகும் பயமே இல்லை. முதல்முறை செய்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். அதே ஒரு தாளை 24க்கு 36 செ.மீ. ஆகத் தேய்த்து, 6 செ.மீ. சதுரங்களாக வெட்டினால் 24 வரும். எண்ணெய் தடவிய மினி மஃபின் தட்டின் குழிகளில் ஒவ்வொன்றாக அழுத்தி, ஒன்றரை செ.மீ. பிரீத் துண்டைத் தோலோடு வைத்து, மேலே அரைத் தேக்கரண்டி பூரணம், சிறிது பருப்பு. தட்டோடு 15 நிமிடம் குளிர வைத்து, 190 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். மஃபின் தட்டு இல்லாத ஒரு டிசம்பரில் மரப்பிடி இல்லாத இரும்புப் பணியாரக் கல்லை ஓவனுக்குள் வைத்துச் செய்தேன். அடிப்பக்கம் முறுகியதில் மஃபின் தட்டு தோற்றது.

ஊரில் செய்வதானால்

பெருநகரங்களில் பெரிய கடைகளின் குளிர்ப் பகுதியில் பிரீ கிடைக்கிறது. இல்லையென்றால் அதன் தம்பி போன்ற கமாம்பேர். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கமாம்பேரை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, கிரான்பெரியின் உறவான லிங்கன்பெரியோடு தின்பது பழைய வழக்கம், அதனால் பொருத்தத்தைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். டின்னில் அடைத்தது கிடைத்தாலும் சுடுவதற்குப் போதும். பதப்படுத்திய சாதாரண சீஸ் கட்டியை வைத்து முயல வேண்டாம். அது உருகும் விதமே வேறு.

புதிய கிரான்பெரி கிடைப்பது அரிது, உலர்ந்தது எல்லா இடத்திலும் உண்டு. 100 கிராம் உலர்ந்த கிரான்பெரியை 100 மி.லி. சூடான ஆரஞ்சுச் சாற்றில் அரை மணி நேரம் ஊற வைத்து, சாறு வற்றும் வரை சுண்ட வையுங்கள். ஏற்கெனவே சர்க்கரை சேர்த்தது என்பதால் மேலும் சர்க்கரை வேண்டாம், பாதி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். உண்மையில் இதற்கு நம்மிடம் இருக்கும் மிகச் சரியான மாற்று களாக்காய். அந்தப் புளிப்பும் இறுகும் குணமும் அதில் அப்படியே உண்டு. பேக்கரி கேக்கின் மேல் 'செர்ரி' என்று சிவப்பாக உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய்தான். டிசம்பரில் கிடைக்காது, பருவத்தில் வாங்கி ஜாம் கிளறி வைத்திருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். அன்னாசி நீர்த்துவிடும், மாம்பழ ஜாம் திகட்டும், அத்திப்பழ ஜாம் பரவாயில்லை.

சென்னை டிசம்பர்ப் பகலில் வெண்ணெய் மாவு மேடையில் பத்து நிமிடம்கூடத் தாங்காது. அதிகாலையில் அல்லது இரவில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஓ.டி.ஜி. என்ற சிறிய மேசை ஓவனில் மேல், கீழ் இரண்டு கம்பியும் எரியட்டும், தட்டைக் கீழ் அடுக்கில் வையுங்கள். மேல்கம்பி அருகில் இருப்பதால் நிறம் சீக்கிரம் ஏறும், 15 நிமிடத்திலேயே அலுமினியத் தாள் தேவைப்படலாம்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு சொல். மரபான பிரீயில் பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள். ஆலைகளில் செய்யும் பலவற்றில் நுண்ணுயிரி ரென்னெட்தான். உறையில் சைவம் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முட்டைக்குப் பதிலாகக் கெட்டிப் பாலாடையில் கொஞ்சம் தேன் கலந்து தடவலாம்; பளபளப்பு சற்றுக் குறையும், ஒட்டுவதற்குத் தண்ணீர் போதும். கர்ப்பிணிகள் பிரீ போன்ற மென்சீஸைச் சுடாமல் தின்னக் கூடாது என்பது லிஸ்டீரியா என்ற கிருமிக்காக. நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சுட்டது என்றால் சாப்பிடலாம். பாதி உருகிய நடுத்துண்டை அவர்களுக்கு வைக்காதீர்கள்.

மிஞ்சினால்

அநேகமாக மிஞ்சாது. மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். மறுநாள் 175 டிகிரி ஓவனில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் மேலுறை மறுபடி பொரியும். மைக்ரோவேவில் வைத்தால் தோல்செருப்பு. கிண்ணத்தில் நிற்கும் கிரான்பெரிப் பூரணம் ஃபிரிட்ஜில் பத்து நாள் தாங்கும். எங்கள் வீட்டில் ஒரு பாதி தோசைக்குப் போகும். மறுபாதியில் அத்தை மிளகாய்த்தூளும் பெருங்காயமும் கடுகு தாளிப்பும் சேர்த்துத் தொக்காக்கிவிட்டார். அது தயிர்சாதத்துக்கு.